இணைகோடுகள் சேரும் இடம்

இணைகோடுகள் வெகு தூரத்தில் சேர்ந்துவிடும் என்று பத்தாம் வகுப்புத் தமயந்தி சொன்னபோது, கணக்கு ஆசிரியர் ஞானமுத்து வகுப்பையே சிரிக்க வைத்தார். "சேர்த்துக் காட்டிட்டு உள்ள வாம்மா, மேதை" என்று கையில் சாக்பீஸைத் திணித்து வெளியே அனுப்பினார். வராந்தாவில் ஒரு முழ இடைவெளியில் அவள் தொடங்கிய இரண்டு கோடுகளும் பள்ளி வாசலைத் தாண்டின, தார்ச்சாலையில் போயின, ஆற்றுப்பாலத்தைக் கடந்தன. பரீட்சைகள் வந்து போயின. அவள் வகுப்புக்குத் திரும்பவே இல்லை.

இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, ஒரு மத்தியானம், தமயந்தி குனிந்து வரைந்தபடியே ஞானமுத்துவின் வீட்டுக் கூடத்துக்குள் வந்தாள். இடைவெளி இப்போது இரண்டு விரற்கடைதான் இருந்தது.

"கோணலா போட்டிருக்க. ஏமாத்துற" என்று அவர் கோணமானியோடு தரையில் உட்கார்ந்தார். குறுக்கே ஒரு செங்குத்துக்கோடு வரைந்து அளந்தார். முதல் கோட்டில் தொண்ணூறு பாகை. இரண்டாவதிலும் தொண்ணூறு. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி அளந்தார்.

"சரியா இருக்கா சார்?"

"இருக்கு" என்று எழப் பார்த்தார்.

"நகராதீங்க. இன்னும் கொஞ்ச தூரம்தான்."

சாக்பீஸ் அவர் பாதத்தில் ஏறி, முழங்காலைக் கடந்து, நெஞ்சை நோக்கிப் போனது.