டிக்கெட்டோடு அர்ச்சனை

பஸ் கட்டணம் ஏறிய முதல் நாள். கண்டக்டர் முன்பக்கத்திலிருந்து டிக்கெட் கொடுக்கத் தொடங்கினார்.

முன் சீட்டுப் பெண் டிக்கெட்டைப் பார்த்ததுமே பிடி பிடியென்று பிடித்துக்கொண்டாள். “பகல் கொள்ளையா இருக்கே! உனக்கெல்லாம் மனசாட்சியே இல்லையா? மூஞ்சியப் பாரு, தூங்குமூஞ்சி!”

கண்டக்டர் தலைகுனிந்து நின்றார்.

“விடும்மா, பாவம்! அவரா ரேட்டை ஏத்தினாரு?” என்றார் ஒருவர். மொத்த பஸ்ஸும் கண்டக்டர் பக்கம் சாய்ந்தது. அப்புறம் ஒருவர்கூட முணுமுணுக்காமல் டிக்கெட் வாங்கினார்கள்.

கடைசி நிறுத்தத்தில் எல்லாரும் இறங்க, அவள் மட்டும் உட்கார்ந்திருந்தாள். கண்டக்டர் பக்கத்தில் பொத்தென்று அமர்ந்து, அவளுடைய தண்ணீர் பாட்டிலை வாங்கிக் குடித்தார்.

“அப்பாடா, பிழைச்சேன்! நாளைக்கும் வந்து திட்டிடு. ஆனா, ‘தூங்குமூஞ்சி’ங்கறது நாம பேசி வச்சதுல இல்லையே?”

“அது பதினாறு வருஷமா அடக்கி வச்சிருந்ததுங்க” என்றாள் மனைவி.