திறந்து கிடந்த திரை

மார்ச் பதினான்காம் தேதி, வியாழக்கிழமை, பிற்பகல் ஒன்று முப்பத்தெட்டுக்கு, லிஃப்ட் பாதுகாப்பு அலுவலகத்தின் இணையதளத்தில் நிலுவையில் இருந்த ஏழு புகார்களும் ‘தீர்க்கப்பட்டன’ என்று ஒரே மூச்சில் மூடப்பட்டன. ஏழு லிஃப்ட்டுகளில் ஒன்றுகூடப் பழுதுபார்க்கப்படவில்லை. மூடியவர் கண்காணிப்பாளர் என்றது தளம்.

இரண்டே கால் மணிக்கு அவற்றுள் ஒரு லிஃப்ட், பல் மருத்துவர் ஒருவரை இரு மாடிகளுக்கு நடுவே நிறுத்தி வைத்தது. கண்காணிப்பாளரின் கணினியை யாரும் தொடக் கூடாதென்று உத்தரவு வந்தது. மறுநாள் காலை விசாரணை.

“நான் ஒரு மணிக்கே சாப்பிட வீட்டுக்குப் போயிட்டேன் மேடம். ரெண்டு மணிக்குத்தான் வந்தேன்” என்றார் கண்காணிப்பாளர். “திரையைத் திறந்து போட்டுட்டுப் போனது என் தப்புதான். காலையில ஒரு தடவை உள்ள போனா, தொடாம விட்டாலும் எட்டு மணி நேரம் அப்படியே திறந்திருக்கும்.”

“பாஸ்வேர்டு வேற யாருக்காவது தெரியுமா?” என்றார் விசாரணை அதிகாரி.

“என் பொண்டாட்டிக்கே தெரியாது! திறந்த வீட்டுல நாய் நுழைஞ்ச மாதிரி எவனோ நுழைஞ்சிருக்கான். அடுத்த வாரம் ‘நிலுவையே இல்லாத அலுவலகம்’னு கேடயம் வாங்க இருந்தேன். அலமாரியில இடம்கூட ஒதுக்கிட்டேன். இப்படிக் கரி பூசிட்டானே!”

‘எவனோ’ என்றபோது அவர் பார்வை உதவியாளர்மேல் நின்றது.

உதவியாளர் மதியம் கண்காணிப்பாளரின் அறையிலேயே சாப்பிடுபவர். அவருடைய மச்சான் லிஃப்ட் பராமரிப்பு நிறுவனம் நடத்துபவர். ஏழு புகார்களில் நான்கு அந்த மச்சான்மேல். இதற்குமேல் சாட்சி எதற்கு? உதவியாளரின் பணியிடை நீக்க உத்தரவு, தட்டச்சாகி, மேசைமேல் தயாராக இருந்தது.

“சத்தியமா நான் இல்லைங்க. டிபன் பாக்ஸ் கழுவக் கீழே போயிருந்தேன். திரும்பி வர இருபது நிமிஷம் ஆச்சு.”

“இருபது நிமிஷமா? அது டிபன் பாக்ஸா, அண்டாவா?” என்றார் விசாரணை அதிகாரி.

அறை சிரித்தது. மூன்று வருடம் அலைந்து இந்த வேலையைப் பெற்ற உதவியாளர் மட்டும் சிரிக்கவில்லை.

கண்காணிப்பாளர், இணையதளத்தைப் பராமரிக்கும் பெண்ணின் பக்கம் திரும்பினார். “எல்லாத்துக்கும் நீதாம்மா காரணம். பத்து நிமிஷம் யாரும் தொடலைன்னா தானா மூடிக்கிற மாதிரி வெச்சிருந்தா இந்த வம்பே வந்திருக்காது!”

“வெச்சுட்டேனே சார். நேத்துப் பகல் பன்னிரண்டு மணியிலேர்ந்து பத்து நிமிஷம்தான். ஒண்ணு பத்துக்கு உங்க திரை மூடிடுச்சு. ஒண்ணு முப்பத்தாறுக்கு யாரோ பாஸ்வேர்டை அடிச்சு உள்ள போயிருக்காங்க. ஒரு எழுத்துகூடத் தப்பா அடிக்கல.”

“யாரைக் கேட்டும்மா மாத்தினே?”

அந்தப் பெண் கோப்பு ஒன்றை நீட்டினார். ‘எட்டு மணி நேரத்தைப் பத்து நிமிடமாகக் குறைக்கலாம்’ என்ற குறிப்பின் கீழே, புதன்கிழமைத் தேதியிட்டு, கண்காணிப்பாளரின் கையெழுத்து. அன்று அவர் நாற்பது கோப்புகளில் கையெழுத்திட்டிருந்தார். ஒன்றையும் படித்த பாவம் அவரைச் சேராது.

“அட, கரண்ட் போயிட்டு வந்ததாலதான் மறுபடி பாஸ்வேர்டு கேக்குதுன்னு நெனச்சேன்…” என்று தொடங்கியவர், பாதியில் வாயை மூடிக்கொண்டார்.

முடிவானது இதுதான்: ஏழு புகார்களும் மீண்டும் திறக்கப்பட்டன. உதவியாளர் தம் மேசைக்குத் திரும்பினார். தயாராக இருந்த உத்தரவில் பெயரும் பதவியும் மட்டும் மாற்றப்பட்டன.

அதைப் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தை, கண்காணிப்பாளர் தம் பணிக்காலத்திலேயே முதன்முறையாக, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்துவிட்டுப் போட்டார்.