கல்லுக்கு அடியில் கரி

"வரலாம்... வரலாம்... இன்னும் வரலாம்..."

டமார்.

வேனுக்குப் பின்னால் நின்று கை காட்டிய வழிகாட்டி, கண்ணில் பாதியை வேனிலும் வாய் முழுவதையும் சுற்றுலாக் கூட்டத்திடமும் வைத்திருந்தார். இரண்டு நாடுகளைப் பிரித்து நின்ற எல்லைக்கல் மல்லாந்துவிட்டது.

இரண்டு போர்களுக்கு அசையாத கல்.

ஊரில் அவர் பெயர் ரேடியோ. முதல் முறையாக ரேடியோ நின்றுபோனது.

"நல்லா வழி காட்டினீங்க மச்சான்! ரெண்டு நாட்டுக்கும் சேர்த்து," என்றபடி வேனிலிருந்து இறங்கினான், அதை ஓட்டிய அவர் மனைவியின் தம்பி.

அவர் தினமும் சுற்றிக்காட்டுவது இடிந்த காவல் கோபுரம், குண்டு துளைத்த சுங்கச்சாவடிச் சுவர், கடைசியாக இந்தக் கல். வந்தவர்கள் ஒரு கால் அந்த நாட்டிலும் ஒரு கால் இந்த நாட்டிலும் வைத்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். பிறகு, இருபதடி தள்ளி நிற்கும் ஒற்றை மரத்தைத் தூரத்திலிருந்தே காட்டுவார் ரேடியோ.

பதினெட்டு வருடமாக ஒரே கதை. ஒரு கிறுக்கன், தப்பிய ஆட்டைத் துரத்திக்கொண்டு கல்லைத் தாண்டி அந்த மரத்தடிவரை போனான். அந்தப் பக்கத்துச் சிப்பாய் சுட்டுவிட்டான்.

"ஆட்டுக்கு இருந்த அறிவு அவனுக்கு இல்லீங்க. அது சாயங்காலமே வீட்டுக்கு வந்துருச்சு!"

கூட்டம் சிரிக்கும். அதற்கு முன்பே அவர் சிரித்துவிடுவார்.

மூன்றாம் நாள், கல்லைத் திரும்ப நட சர்வேயர் வந்தார். இரண்டு பக்கத்துச் சிப்பாய்களும் பார்த்து நிற்க, பள்ளத்தை மேலும் தோண்டச் சொன்னார். வழிகாட்டி உரிமத்தைப் பிடுங்கப்போகிறார்கள் என்று நினைத்த ரேடியோ பள்ளத்தை எட்டிப் பார்த்தார்.

"என்ன சார் தேடுறீங்க?"

"கரி."

எல்லைக்கல் நடும்போது அடியில் ஒரு கூடை கரியைப் போட்டு மூடுவது அந்தக் கால வழக்கமாம். கல்லை யாரும் பெயர்த்து நகர்த்தலாம். கரி மக்காது, பழைய இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பள்ளத்தில் வெறும் மண்தான் இருந்தது.

சர்வேயர் பழைய வரைபடத்தை விரித்தார். சங்கிலி பிடித்து அளந்துகொண்டே போனார். ஒற்றை மரத்தையும் தாண்டி, இன்னும் பத்தடி போய் நின்றார்.

அங்கே மண்வெட்டி கறுப்பாக மேலே வந்தது.

ரேடியோ பின்னாலேயே ஓடினார்.

"கல்லை யாரு சார் நகர்த்தினது?"

"யாருக்குத் தெரியும்? நீங்களும் நானும் பொறக்குறதுக்கு முன்னாடி."

"அப்போ இந்த மரத்தடி?"

"மேலிடத்துக்கு எழுதணும். ரிப்போர்ட் வரட்டும்."

"மரத்தடி எந்தப் பக்கம் சார்?"

"அதெல்லாம் இப்போ சொல்ல முடியாதுங்க."

பதினெட்டு வருடமாகக் கூட்டத்துக்குக் காட்டிய மரம். ஒருநாளும் கிட்டே போனதில்லை. இப்போது அதன் அடியில் நின்றிருந்தார். பட்டையில் கை வைத்தார். உடனே எடுத்துக்கொண்டார்.

"ரிப்போர்ட் வர்ற வரைக்கும் எங்கம்மா இருக்க மாட்டாங்க சார்," என்றார். குரல் ரேடியோவுடையதாக இல்லை. "ஆடு தேடி வந்து இந்த மரத்தடியில செத்த கிறுக்கன் எங்கண்ணன்."

சர்வேயர் வரைபடத்தை மடித்தார். கையில் ஒட்டிய கரியைத் துடைக்காமலே அவர் முகத்தைப் பார்த்தார்.

"உங்கண்ணன் எல்லையைத் தாண்டவே இல்லீங்க."