இஞ்சின் வேலை

ஸ்வீட் பாக்ஸை ஸ்டீபனின் கையில் திணித்துவிட்டு, மாலை போடாத குறையாக நின்றார் மணவாளன்.

“லிட்டருக்கு எட்டு குடுத்த வேனு, இப்ப பன்னெண்டு குடுக்குதுப்பா! அப்டி இன்னாதான் பண்ண இஞ்சின்ல?”

மெக்கானிக் ஸ்டீபன் பனியன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

ஆரம்பாக்கத்திலிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஷிப்ட் ஆட்களை ஏற்றிப் போகிற வேன் அது. டீசல் தண்ணீராய்ச் செலவானபோது பழி விழுந்தது டிரைவர் தாவீதின் மேல். “திருட்டுப் பயலே” என்று நடுத்தெருவில் அவன் கன்னத்தில் அறைந்தவன் மணவாளனின் மகன் விமல். மணவாளன் தடுக்கவில்லை.

மறுநாளிலிருந்து அவரே ஸ்டியரிங் பிடித்தார். அப்போதும் அதே எட்டுதான். சரி, இஞ்சினில்தான் கோளாறு, மைலேஜ் வருகிற மாதிரி மாற்றிக் கொடு என்று ஸ்டீபனிடம் வேனை விட்டார்.

திருப்பிக் கொடுக்கும்போது ஸ்டீபன் சொன்னது இவ்வளவுதான். “வாட்டர் வாஷ் பண்ணி, டேங்குக்குப் புது மூடி போட்டுக்கீறேண்ணே. சாவிங்கள உங்க இடுப்புலயே வெச்சிக்கோங்க.”

இப்போது மணவாளன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குரல் இறங்கியிருந்தது.

“இஞ்சின் பண்ண தப்புக்கு தாவீத அடிச்சித் தொரத்திட்டமேப்பா. பேரு கெட்டதுல எவனும் வண்டி தர்லயாம். ஸ்கிராப் லோடு தூக்கினுகீறான். அவன் பொண்டாட்டி மார்க்கெட்ல என்னப் பாத்து மொகத்தத் திருப்பிக்கினு போவுது.”

ஸ்டீபன் நிமிர்ந்து பார்த்தான்.

“கூட்டுவந்து மறுபடி வண்டியக் குடுக்கப் போறேன். யார் மேலயும் குத்தமில்ல, இஞ்சின்தான் சரியில்லன்னு ஊருக்கே சொல்லிர்றேன்.”

சொல்லி முடித்ததும் அவருக்கு மனசே லேசாகிவிட்டது. விமலும் பாவம், தெரியாமல் கை நீட்டிவிட்டான். சின்ன வயசு, ரத்தச் சூடு.

“நீ மட்டும் இஞ்சின்ல கை வெக்காம இருந்திருந்தா, அவனத் திருடன்னு நெனச்சிக்கினே செத்திருப்பேம்பா.”

ஸ்டீபன் ஸ்வீட் பாக்ஸைப் பிரிக்காமலே அவர் மடியில் திருப்பி வைத்தான்.

“இஞ்சினத் தொடவே இல்லண்ணே. ராவுல விமல் டேங்கத் தொறக்க முடியாத மாதிரி பண்ணேன், அவ்ளோதான்.”