பிசிறில்லாத குரல்

"பொண்ணாடி அது? கல்லு! ஒரு விசும்பல் உண்டா பாரு!"

"எப்படா இந்த வீட்டை விட்டுக் கிளம்புவோம்னு காத்திருந்திருப்பா. மாப்பிள்ளை வீடு பெரிய இடமாச்சே!"

மேடை ஓரமாக உட்கார்ந்திருந்த யெர்முகனின் காதில் இது நன்றாகவே விழுந்தது. முன் மேசையில் இரண்டு அத்தைமார்கள் குதிரைக்கறியை மென்றபடியே கல்யாணப் பெண்ணையும் மென்றுகொண்டிருந்தார்கள்.

மேடையில் உல்ஜான் தனியாக நின்று பாடிக்கொண்டிருந்தாள். தலையில் கூம்புக் கிரீடம், முகத்தை முழுசாக மூடிய சிவப்பு முக்காடு. அதை இனி மாப்பிள்ளை வீட்டில்தான் விலக்குவார்கள். பிறந்த வீட்டை விட்டுப் போகிற பெண் அழுதுகொண்டே பாடவேண்டிய பாட்டு அது. அந்தத் தாராஸ் ஊர்ப் பக்கத்தில், அந்தப் பாட்டில் அழாதவளைப் பேரன் பேத்தி எடுத்த பிறகும் சொல்லிக்காட்டுவார்கள்.

யெர்முகனுக்கோ பெருமை தாங்கவில்லை. கல்யாணங்களுக்கு மைக்செட் வைப்பது அவன் தொழில். பாட வராத பெண்களுக்காகவே காலடியில் ஒரு பெடல் வைத்திருந்தான். மைக்கில் வரும் குரல் அதற்குள் புகுந்துதான் ஸ்பீக்கருக்குப் போகும். சுருதி விலகினால் அது இழுத்து நேராக்கும். குரல் நடுங்கினால் நிமிர்த்திவிடும். நடுவில் அறுந்தால் எதிரொலி போட்டு ஒட்டிவிடும்.

இன்று முதல் வரியிலேயே அதன் விளக்கு தாறுமாறாகத் துடித்தது. 'பாவம், கூட்டத்தைப் பார்த்துப் பயந்துட்டா' என்று இரக்கப்பட்டுப் பெடலின் திருகை முழுசாகத் திருப்பி வைத்தான். அவ்வளவுதான், ரேடியோவில் வருகிற மாதிரி வழுவழுவென்று வந்தது குரல்.

பாட்டு முடிந்தது. பெரியம்மா உல்ஜானைக் கைத்தாங்கலாக அழைத்துப்போய் வாசலில் நின்ற காரில் உட்காரவைத்தாள். கூட்டமும் பின்னாலேயே போனது. பின்வண்டியில் சீர்க் கம்பளங்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

காலியான ஹாலுக்குள் ஒரின்பாய் வந்தார். பெண்ணின் அப்பா. வந்தவர் யெர்முகனைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, எம் பொண்ணு பாடினதைக் கேட்டியா?"

"கேட்டேன்ணே. அருமையாப் பாடுச்சு."

"ஊர்ல கல்லுங்கறாங்க. சொல்லிட்டுப் போகட்டும். எனக்கு அந்தக் கல்லுதான் வேணும்."

"என்னண்ணே சொல்றீங்க?"

ஒரின்பாய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இந்தச் சம்பந்தம் எங்க அண்ணன் பேசி முடிச்சது. பையனைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. அவ அம்மா இருந்திருந்தா தனியாக் கூப்பிட்டுக் கேட்டிருப்பா. நான் அப்பன். எந்தப் பொண்ணு அப்பன் முகத்தைப் பாத்து வேண்டாம்னு சொல்லும்? நேத்து சுத்திவளைச்சுக் கேட்டுப் பாத்தேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டா."

"ம்..."

"சரி, நாளைக்குப் பாட்டுல சொல்லும்மான்னேன். ஒப்புக்கு அழறது எல்லாரும் அழறதுதான். எம் பொண்ணு குரல் நெசமா உடைஞ்சா எனக்குத் தெரியாதா? 'உடைஞ்சா, வண்டி வாசலைத் தாண்டாது. எங்க அண்ணன் என்ன, ஊரே எதிர்த்து நின்னாலும் தாண்டாது'ன்னு சத்தியம் பண்ணினேன்."

சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"உடையலியே தம்பி! என்ன கணீர்னு பாடினா! இப்பக்கூடப் பாரு, கார் ஜன்னல்ல கையை வச்சுக்கிட்டு இந்தப் பக்கமே பாத்துக்கிட்டிருக்கா. அவ்வளவு பாசம். அந்தப் பாட்டை இன்னொரு தடவை போடேன். அவ கிளம்பறதுக்குள்ள கேட்டுடறேன்."

யெர்முகனின் லேப்டாப்பில் பதிவாவது பெடலுக்குள் போகாத பச்சைக் குரல். வீடியோவில் சேர்க்கும்போது அதைத் தனியாகச் செப்பனிட்டுக்கொள்வான். பாட்டு எங்கே தொடங்குகிறது என்று பார்க்க ஹெட்போனை மாட்டினான்.

ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்தான்.

நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் வரவில்லை. தேம்பல்தான். ஒவ்வொரு வரியிலும் குரல் உடைந்து, மூச்சு முட்டி, திரும்ப எழுந்து, திரும்ப உடைந்தது. கல்யாண வீடுகளில் ஒப்புக்கு அழும் அழுகையை அவன் எவ்வளவோ கேட்டிருக்கிறான். இது அது இல்லை.

"என்னப்பா, கிடைக்கலியா?"

ஜன்னல் வழியே பார்த்தான். கடைசிக் கம்பளம் இன்னும் ஏறவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

நாளைக்கு மாப்பிள்ளை வீட்டு விருந்துக்கும் அவன்தான் மைக்செட். அதற்குப் பிறகும் அந்த வீட்டு வகையறாவில் வரிசையாகக் கல்யாணங்கள். பெண்ணின் அழுகையை அமுக்கினவன் என்று பெயர் எடுத்தால் அப்புறம் எவன் கூப்பிடுவான்? கூப்பிடுவது இருக்கட்டும், எதிரே உட்கார்ந்திருக்கும் இந்த மனிதரின் முகத்தை எப்படிப் பார்ப்பது?

"கிடைச்சிடுச்சுண்ணே" என்றான்.

லேப்டாப்பின் கம்பியைப் பெடலில் செருகினான். திருகு முழுசாகத் திரும்பியிருக்கிறதா என்று ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டு ஸ்பீக்கரைத் திறந்தான்.

ஒரின்பாய் கண்ணை மூடிக் கடைசி வரிவரைக்கும் கேட்டார்.

"ஒரு பிசிறு இல்ல பாரு" என்று சிரித்தார். பிறகு எழுந்து ஜன்னலுக்குப் போய், வண்டியை எடுக்கச் சொல்லிக் கை காட்டினார்.