முதலில் உட்கார ஓர் ஆள்

"அண்ணா, சும்மா ஒரு நிமிஷம் இந்த நாற்காலியில உக்காருங்க. உள்ள சிஸ்டருங்க பயப்படறாங்க."

பல் டாக்டர் சுவேதா சொன்னதும் திம்மராயன் பின்னால் நகர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

ஓசூரைத் தாண்டி, கம்பெனிச் சுவர்கள் முடிகிற இடத்தில் இருந்தது அந்தக் கன்னியர் மடம். அதில் சேர்ந்துவிட்ட சிஸ்டர்கள் வெளியே வருவதில்லை. வெளியாளை முகம் பார்த்துப் பேசுவதும் இல்லை. கம்பெனியில் லோடு இறக்குகிற திம்மராயன், ஷிப்ட்டுக்குப் போகுமுன் தினமும் அவர்களுக்குக் காய்கறி கொண்டுவருவார். சுவரில் பதித்திருக்கும் மரப்பெட்டியில் வைத்துச் சுழற்றிவிட்டால் அந்தப் பக்கம் எடுத்துக்கொள்வார்கள். "இன்னிக்கி பீன்ஸ் கொஞ்சம் முத்தல், மதர்" என்பார் இவர். "பரவாயில்ல திம்மராயா" என்று ஒரு குரல் வரும். இத்தனை வருஷத்தில் மடத்துத் தலைவியான அந்த மதரின் முகத்தை அவர் பார்த்ததில்லை.

இன்று சுவேதா, விமல்ராஜ் என்று இரண்டு பல் டாக்டர்கள் பெங்களூரிலிருந்து வேனில் வந்திருந்தார்கள். காசு வாங்காமல் மடங்களுக்குப் போய் வைத்தியம் பார்க்கிறவர்கள். மடக்கு நாற்காலி, விளக்கு, மெஷின் எல்லாவற்றையும் இறக்கி வைக்க மதர்தான் திம்மராயனை வரச் சொல்லியிருந்தார். பார்வையாளர் அறையின் நடுவே கம்பித் தடுப்பு. அதற்கு அந்தப் பக்கம் கறுப்புத் திரை. திரைக்குப் பின்னால் சிஸ்டர்கள் நிற்பது துணி உரசுகிற சத்தத்தில் தெரிந்தது.

அவர்களுக்கு இந்த நாற்காலியும் மெஷினும் புதுசு, வேறு யாராவது முதலில் உட்கார்ந்து காட்டினால்தான் தைரியம் வரும் என்றார் சுவேதா.

"உங்க வேன் டிரைவர உக்கார வைங்களேன், மேடம்."

"அவருக்கு வாய் பூரா பல் செட்டுண்ணா. கழட்டிக் கையில குடுத்துட்டாருன்னா சிஸ்டருங்க இன்னும் பயந்துடுவாங்க."

திரைக்குப் பின்னால் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். திம்மராயனுக்குச் சிரிப்பு வரவில்லை.

இடது கன்னத்தின் உள்பக்கம் ஒரு புண். மாங்காய் சீசன் முடிந்ததிலிருந்து ஆறவில்லை. கூட லோடு இறக்கிய முனீஸ்வரனுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. இரண்டு பேரும் ஒரே பொட்டலத்தைப் பிரித்துப் புகையிலை போட்டவர்கள். முனீஸ்வரன் கிருஷ்ணகிரியில் காட்டினான். அங்கிருந்து பெங்களூருக்கு அனுப்பினார்கள். போன பொங்கலுக்கு அவன் இல்லை. வாயைத் திறந்து காட்டினால்தானே வியாதிக்குப் பேர் வைப்பார்கள் என்று திம்மராயன் யாருக்கும் காட்டவில்லை. சுண்ணாம்பு சுட்டுவிட்டது என்று மனைவி செல்லியிடம் சொன்னார். பேச்சு குழறுவதைக் கேட்டு ஆஸ்பத்திரிக்குப் போ என்று குரல் கொடுத்த மதரிடமும் அதையேதான் சொன்னார். செல்லி சோற்றைக் குழைய வடித்துப் போட்டு, ஒரு நாள் திட்டினாள், ஒரு நாள் அழுதாள்.

ஷிப்ட்டுக்கு நேரமாகிவிட்டது என்று அவர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

சுவேதா திரையைக் கண்ணால் காட்டி, குரலைத் தாழ்த்தினார். "உள்ள வயசான சிஸ்டர் ஒருத்தர் பல்வலியில சோறே சாப்பிடறதில்லையாம். நீங்களும் போயிட்டா, நாங்க பெட்டியக் கட்ட வேண்டியதுதான்."

முத்தல் பீன்ஸை அந்த சிஸ்டர் எப்படி மென்றாரோ என்று திம்மராயன் நினைத்துப் பார்த்தார். துண்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"தொறந்து மட்டுந்தான் காட்டுவேன். பேரு எதுவும் சொல்லக் கூடாது."

"சொல்லலண்ணா."

விளக்கு எரிந்தது. சுவேதா சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்தார். பிறகு விமல்ராஜைக் கூப்பிட்டார். அவர் விரலால் கன்னத்தை அழுத்தினார். இருவரும் இங்கிலீஷில் பேசிக்கொண்டார்கள். திம்மராயன் கண்ணை மூடிக்கொண்டு, செல்லியிடம் இதை யார் போய்ச் சொல்வது என்று யோசித்தார்.

"இந்தக் கடவாய்ப்பல் எப்படிண்ணா உடைஞ்சுது?"

லோடு இறக்கும்போது சங்கிலிக் கொக்கி அடித்ததைக் கையாலேயே காட்டினார்.

"உடைஞ்ச முனை கத்தி மாதிரி நிக்குது. நீங்க பேசறப்ப, மெல்றப்ப எல்லாம் கன்னத்தக் கிழிச்சுக்கிட்டே இருக்கு. அப்புறம் எங்க ஆறும்? நீங்க பயந்துக்கிட்டு இருந்தீங்களே, இது அது மாதிரி தெரியலண்ணா. பிடுங்கிடலாமா?"

திம்மராயன் தலையாட்டினார். ஊசி போட்டு, பல்லை எடுத்து, பஞ்சை வைத்துக் கடிக்கச் சொன்னார்கள். ரெண்டு வாரத்தில் புண் ஆறிவிடும், வந்து பார்ப்போம், ஆறாவிட்டால் சோதனை செய்துவிடலாம், புகையிலையை மட்டும் இனி கையால்கூடத் தொடக் கூடாது என்றார் விமல்ராஜ். ஒவ்வொன்றுக்கும் திம்மராயன் தலையாட்டினார். எழுந்திருக்கத்தான் முடியவில்லை. துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். முதுகு குலுங்கியது. பஞ்சு இருந்ததால் சத்தம் வரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். நாற்காலியைத் துண்டால் தட்டிச் சுத்தம் செய்துவிட்டு, திரையைப் பார்த்து, வாயில் பஞ்சோடு குழறினார். "ஒண்ணுமே வலிக்கல சிஸ்டர். தைரியமா வந்து உக்காருங்க."

யாரும் வரவில்லை. சுவேதா விளக்கை அணைத்துவிட்டு நாற்காலியை மடக்க ஆரம்பித்தார்.

"சிஸ்டருங்களுக்குப் பாக்கலையா மேடம்?"

"அவங்க எல்லாருக்கும் போன ஞாயித்துக்கிழமையே பாத்து முடிச்சிட்டோம்ண்ணா, நீங்க ஊருக்கு, அஞ்செட்டிக்குப் போயிருந்தப்ப. இன்னிக்கி மதர் எங்கள வரச் சொன்னது உங்க ஒருத்தருக்காக. திரைக்குப் பின்னால நிக்கறத சிஸ்டருங்க நாங்க பாத்துக்கறோம், பொய் மட்டும் டாக்டருங்க நீங்க சொல்லிடுங்கன்னுட்டாங்க."