ஓரத்துச் சீவல்

ஆஸ்பத்திரி லேபில், தான் சாயம் போட்ட ஸ்லைடை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

ஒரே கண்ணாடியில் இரண்டு சதைச் சீவல்கள். நடுவில் இருப்பது நோயாளியுடையது. சிவம்மா, நாற்பத்தொரு வயது, தாளவாடி. மேல் ஓரத்தில் இருப்பது கன்ட்ரோல். என்றோ வேறொருத்தியின் மார்பிலிருந்து எடுத்த கட்டியின் சீவல்.

ஓரத்துச் சீவலில் ஹெர்-2 புரதம் மண்டிக் கிடக்கிறது என்பது தெரிந்த விஷயம். சாயம் போட்டால் அது பழுப்பாக வேண்டும். அது பழுப்பானால்தான் பக்கத்தில் இருப்பது சொல்வதை நம்பலாம்.

இரண்டுமே வெளிறிக் கிடந்தன.

டாக்டர் நஸ்ரின் நடுச் சீவலை மட்டும் மைக்ரோஸ்கோப்பில் பார்த்து முடித்திருந்தார். காலையிலிருந்து இது முப்பத்தெட்டாவது ஸ்லைடு. 'ஹெர்-2: இல்லை' என்று அச்சடித்த தாள் மேஜைமேல் இருந்தது. பேனா மூடியைத் திறந்துவிட்டார்.

"மேடம், கையெழுத்துப் போட்றாதீங்க. கன்ட்ரோல்ல சாயமே ஏறலை."

அந்தப் புரதம் கூடிப்போனால் புற்றுநோய் தலைதெறிக்கப் பரவும். ஒரு காலத்தில் அதைக் கண்டாலே டாக்டர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

இப்போது அதற்கென்றே ஊசி இருக்கிறது. அதைப் போட்டுப் பிழைத்து, பேரன் பேத்தி எடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் தாளில் 'இல்லை' என்று இருந்தால் சிவம்மாவுக்கு அந்த ஊசியை யாரும் போடமாட்டார்கள். நாளைக் காலை டாக்டர்கள் கூடி அவளுக்கு என்ன வைத்தியம் என்று முடிவு செய்கிறார்கள்.

டாக்டர் ஸ்லைடை வாங்கி மறுபடி வைத்துப் பார்த்தார்.

"கன்ட்ரோல் பழசாகியிருக்கும். எத்தனை வருஷத்துக் கட்டி இது?"

"ஒன்பது வருஷமுங்க மேடம்."

"அப்புறம் என்ன? அதுல இருந்த புரதமே செத்துப்போயிருக்கும். நடுவுல இருக்கிறது நெகட்டிவ்தான், தெளிவாத் தெரியுதே."

அவளுக்குச் சுருக்கென்றது.

பெற்ற பிள்ளையை யாரோ திருடன் என்று சொல்லிவிட்ட மாதிரி முகம் சிவந்து போயிற்று. நாலு மாதத்துக்கு முன் வந்த டாக்டருக்கு என்ன தெரியும்? கட்டிக்குச் சொந்தக்காரி மனசாரச் சம்மதித்து எழுதிக் கொடுத்தது அது. ஒன்பது வருஷமாக, ஊர் பேர் தெரியாத எத்தனையோ பெண்களின் பக்கத்தில் ஓரமாக உட்கார்ந்து உண்மை சொல்லிக்கொண்டிருக்கிறது. ஒரு நாளும் ஏமாற்றியதில்லை.

"அது செத்துப்போகலைங்க மேடம். தப்பு என்மேல."

சாயம் போடும் முன் ஸ்லைடுகளைக் குக்கரில் வேகவைக்க வேண்டும். வீட்டில் பருப்பு வேகிற அதே பிரஷர் குக்கர்தான். ஆவி முழுதாக ஏறினால்தான் உள்ளே முடங்கிக் கிடக்கும் புரதம் முகம் காட்டும். இன்று காலை இந்த ஒரு ஸ்லைடுக்காகக் குக்கர் வைத்தபோது கேஸ்கட் ஓரம் புஸ்ஸென்று கசிந்தது. விசில் வரவில்லை. அவள் கடிகாரத்தைப் பார்த்து இறக்கிவிட்டாள். இருபத்திரண்டு வருஷம் இதே வேலை பார்த்த திமிர்.

அத்தனையையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். மெமோ கொடுத்தால் கொடுக்கட்டும்.

டாக்டர் பேனாவை மூடினார்.

"நாலு மணிக்குள்ள முடியுமா?"

"முடியுமுங்க."

எதிர்ச்சாரிப் பாத்திரக் கடையில் புது கேஸ்கட் வாங்கினாள். இரண்டு கட்டியிலிருந்தும் புதிதாகச் சீவினாள். குக்கர் முன்னால் நின்றாள். கொண்டுவந்த தயிர்சாதம் பைக்குள்ளேயே இருந்தது.

விசில் அடித்தபோது லேபே திரும்பிப் பார்த்தது. அவள் மட்டும் மணியைப் பார்த்தாள்.

மானத்தைக் காப்பாத்து தங்கம், என்று ஓரத்துச் சீவலிடம் மனசுக்குள் சொன்னாள்.

மூன்றே முக்கால்.

ஸ்லைடைத் தூக்கியதுமே வெறும் கண்ணுக்குத் தெரிந்தது. ஓரத்துச் சீவல் டிகாஷன் நிறத்தில் நின்றது.

அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கொஞ்ச நேரம் அதை மட்டும்தான் பார்த்தாள். அப்புறம்தான் கண்ணை நடுவுக்குக் கொண்டுவரத் தைரியம் வந்தது.

அதுவும் அதே நிறம்.

சிவம்மாவுக்கு வந்திருப்பது முரட்டு நோய்தான். ஆனால் ஊசி உண்டு. ஒருத்தியின் உடம்பில் இப்படி ஒன்று இருப்பதைப் பார்த்துச் சந்தோஷப்படலாமா என்று யோசித்தாள். பட்டுவிட்டாள், இனி என்ன செய்ய?

டாக்டர் ரொம்ப நேரம் பார்த்தார். ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் பழுப்பாகக் கோடு இழுத்திருந்தது. பழைய தாளைக் கிழித்துப் போட்டார். புதுத் தாளில் 'ஹெர்-2: மூன்று' என்று அடித்தார். அந்தக் கணக்கில் மூன்றுக்கு மேல் கிடையாது.

கையெழுத்துப் போட்டுவிட்டு மறுபடி மைக்ரோஸ்கோப்பில் குனிந்தார். இந்த முறை ஓரத்துச் சீவலுக்குப் போனார்.

"என்னமா ஏறியிருக்கு! இதைப் போய்ச் செத்துப்போச்சுன்னு சொல்லிட்டேனே."

அவளுக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாக இருந்தது.

டாக்டர் கண்ணை எடுக்காமலே, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"இவ்வளவு முரட்டுக் கட்டி... அந்தம்மா அப்புறம் என்ன ஆனாங்க? இருக்காங்களா?"

அவள் வெள்ளைக் கோட்டை இழுத்துவிட்டு நிமிர்ந்து நின்றாள்.

"இருக்காங்க மேடம். இன்னைக்குக் குக்கர் டூட்டியிலதான் இருக்காங்க."